ராஜகிரியில் பன்னிரண்டாம் நாள்

"ஐயோ... மாஸ்டர்!"

ராஜகிரி உச்சியில் கிளம்பிய அலறல், எதிரே கிருஷ்ணகிரிப் பாறையில் மோதித் திரும்பி வந்தது.

மண்டபத்துக் குரங்குகள் சிதறி ஓடின.

1986. மாசி மாதம். காலை ஏழு ஐம்பது.

ரங்கநாதர் கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் கலியபெருமாள். முப்பது வயது. அனந்தபுரத்து லாரி டிரைவர். மடியில் துண்டு. காலில் புது கேன்வாஸ் ஷூ. உதடு மட்டும் நாவல்பழம் தின்றவன் மாதிரி நீலமாக இருந்தது.

ஐந்து நிமிஷம் முன்பு வரை குறட்டை விட்டவன்.

இப்போது குறட்டை இல்லை.

மூச்சும் இல்லை!

அலறியவன் சர்தார். இருபத்தாறு வயது மெக்கானிக். செத்தவனின் தோளைப் பிடித்து உலுக்கினான். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. பக்கத்தில் இன்னும் நான்கு பேர்... அதே ஷூ, அதே வெள்ளை பனியன்... என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

ஆறு பேரும் கோட்டை அடிவாரத்தில் ஒரே முகாம் வீட்டில் தங்கியிருந்தவர்கள். ஆறு பேருக்கும் ஒரே வியாதி. சிலருக்குப் போதைப் பவுடர், சிலருக்குப் போதை ஊசி. அதை விடுவதற்காகத்தான் செஞ்சிக்கு வந்திருந்தார்கள்.

கழுத்தில் விசில் ஆட ஓடி வந்தார், முகாமை நடத்தும் மாஸ்டர் இளையபெருமாள். நாடி பிடித்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார்.

அவர் முகத்தில் ஒரு வினாடி எதுவோ வந்து போனது.

"யாரும் தொடாதீங்க. நான் போய் போலீஸ்ல சொல்லிட்டு வரேன்."

"நான் ஓடறேன் மாஸ்டர்!" என்றான் சர்தார்.

"நீ இங்கயே கெட!"

மாஸ்டர் தனியாக இறங்கினார்.

*

சப்-இன்ஸ்பெக்டர் ஆதிமூலத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. முழங்கால் இரண்டு. இரண்டும் தகராறு.

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்கு ஸ்டேஷனே பந்தோபஸ்து போயிருந்தது. மிச்சம் இருந்தவர் ஏட்டு கன்னியப்பன். அவரும் ஆதிமூலத்துக்கு இரண்டு படி கீழே, தொந்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாவறவன் கீழ எங்கனா செத்திருக்கக் கூடாதா சார்?"

"வாய மூடிக்கினு ஏறுய்யா."

"மூடாதீங்க சார்" என்றார் முன்னால் போன இளையபெருமாள், திரும்பிப் பார்க்காமல். "பேசிக்கிட்டே ஏறுங்க. சேந்தாப்ல பத்து வார்த்தை பேச முடியலைன்னா உடனே நில்லுங்க. அதான் கணக்கு."

ஆதிமூலம் நின்றார். அவருக்கு நான்கு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

"பட்டாளமா?"

"பதினேழு வருஷம் சார். அதுல ஒன்பது வருஷம் லடாக். ஹவில்தாரா ரிடையர் ஆனேன். சொந்த ஊரு வல்லம்."

"அங்கயும் இதான் வேலையா?"

"ஆமா சார். பதினோராயிரம் அடி. எவ்ளோ பெரிய பயில்வான் வந்து இறங்கினாலும் முதல் மூணு நாள் நடக்க விட மாட்டோம். படு, தண்ணி குடி, உப்பு சேத்துக்கோ. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நட. தலை வலிக்குதா, வாந்தி வருதா... வீரம் காட்டாத, கீழ இறங்கு. அவ்ளோதான்."

"பவுடர் அடிக்கறவனுக்கும் லடாக்குக்கும் இன்னாயா சம்பந்தம்?"

"பவுடரை விட்டவன் உடம்பு பனிமலைக்குப் புதுசா வந்தவன் உடம்பு மாதிரி சார். வாந்தி, பேதியில உள்ள தண்ணியே இருக்காது. சும்மா படுத்திருந்தாலும் நெஞ்சு குதிரை மாதிரி ஓடும். அவனை ஓட விட்டா செத்துடுவான். அதனால அதே சட்டத்தை இங்க வெச்சேன். நாலாம் நாள் வழியில இருக்கற கமலக்கன்னியம்மன் கோயில் வரைக்கும். ஏழாம் நாள் உச்சி. இதுவரைக்கும் முப்பது பேர் ஏறியிருக்கான் சார். ஒருத்தனுக்கு ஒரு தும்மல் கிடையாது!"

குரலில் பெருமை வழிந்தது. சட்டென்று அதைத் துடைத்துக்கொண்டார்.

"இவன் மட்டும்தான் சொங்கி. முதல் வாரம் பூரா கக்கினான், புரண்டான். நாலாம் நாள் வாசப்படி தாண்டலை. இன்னிக்கு பன்னெண்டாம் நாள். இன்னிக்குத்தான் முதல் தடவையா உச்சிக்கு வந்தான்..."

"கடைசித் தடவையாவும்" என்றார் கன்னியப்பன்.

உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவின்மேல் போட்ட பாலத்தைத் தாண்டும்போது ஆதிமூலம் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் மேலதிகாரி மெமோவைப் பார்த்ததைவிட மோசமாகத் தலை சுற்றும் என்று தெரியும்.

பிணத்தைப் பார்த்தார். அடி இல்லை. ரத்தம் இல்லை. தூங்குகிறவன் முகம்.

"காலைல இன்னா சாப்ட்டான்?"

"வெறும் வயிறு சார். அஞ்சு மணிக்கு நிலவேம்புக் கசாயம். எல்லாரும் ஒரே அண்டாவுல குடிச்சதுதான். அஞ்சரைக்கு ஏற ஆரம்பிச்சோம். ஏழு மணிக்கு உச்சி. வந்ததும் அசந்து தூங்கிட்டான். தூங்கட்டும்னு விட்டோம்."

இளையபெருமாள் குரலைத் தாழ்த்தினார்.

"சார்... சொல்லக் கூடாதுதான். நேத்து சாயங்காலம் இந்த சர்தாருக்கும் இவனுக்கும் கைகலப்பு. 'உன்னைக் கொன்னுடுவேன்டா'ன்னு கத்தினான். நாலு பேர் சாட்சி. வீட்ல படுக்கையெல்லாம் ஒரு தடவை பாத்துடுங்க."

கலியபெருமாளைப் போர்வையில் தூளி கட்டி நான்கு பேர் இறக்கினார்கள். மேலே வர பன்னிரண்டு நாள். கீழே வர ஒன்றேகால் மணி நேரம்.

அடிவாரத்து வீட்டில் சர்தாரின் தலையணையை உதறினார் கன்னியப்பன்.

டக்!

கண்ணாடி சிரிஞ்சு ஒன்று சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது.

"என்னுது இல்ல சார்! அல்லா மேல ஆணை! அது கலியன் அண்ணனுது..."

"அப்போ உன் தலகாணிக்குள்ள எப்படிடா வந்துச்சு? நடந்தா?"

"எனக்குத் தெரியாது சார்!"

"நேத்து கொன்னுடுவேன்னு சொன்னியா இல்லியா?"

சர்தார் தலை குனிந்தான்.

"சொன்னேன் சார். கோவத்துல சொன்னேன்."

"கோவமில்லாம எவன்டா சொல்றான்? ஏறு ஜீப்ல!"

ஆதிமூலம் வழக்கப்படி சமையலறையைப் பூட்டி அரக்கு வைத்தார். மிச்சமிருந்த நான்கு பேரையும் கூடத்தில் உட்கார வைத்து, வாசலில் ஊர்க்காவல் படை ஆள் ஒருவனை நிறுத்தினார்.

"யாரும் உள்ள போகக் கூடாது. யாரும் வெளிய வரக் கூடாது. சோறு ஹோட்டல்லருந்து வரும்."

"சாயங்காலக் கசாயம் மட்டும் நான் குடுத்துட்டுப் போயிடறேன் சார்" என்றார் இளையபெருமாள். "நேரம் தவறக் கூடாது."

"ஒரு வேளை தவறினா செத்தா போயிடுவானுங்க? நீங்க வல்லத்துக்குப் போங்க மாஸ்டர். காலைல கூப்பிடறேன்."

இளையபெருமாள் அரக்கு வைத்த கதவைத் திரும்பிப் பார்த்தார். சைக்கிளை எடுத்தார்.

*

மாலை ஐந்து மணி. ஸ்டேஷன் டெலிபோன் அலறியது.

போஸ்ட்மார்ட்டம் முடித்த டாக்டர் மீனம்பாள். அவர் எப்போதும் வணக்கம் சொல்லி ஆரம்பிக்க மாட்டார்.

"கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கியிருக்கு எஸ்.ஐ. சார். நுரையீரல் பூரா நீர். மூச்சு அடங்கிச் செத்திருக்கான். அபின் சாவு."

"அதான் சிரிஞ்சு கெடைச்சுடுச்சே டாக்டரம்மா!"

"அந்த சிரிஞ்சை பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பேனாவுக்கு இங்க் ஊத்தலாம்."

"இன்னா சொல்றீங்க?"

"தலைமுடிக்குள்ள வரைக்கும் தேடிட்டேன். புதுத் துளை ஒண்ணுகூட இல்லை. பழைய துளையெல்லாம் ஆறிக் காய்ஞ்சு கிடக்கு. இவன் ஊசி தொட்டுப் பல நாள் ஆச்சு."

ஆதிமூலம் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அப்போ... உள்ள போனது?"

"வாய் வழியாத்தான். வயித்துல கசாயம் கொஞ்சம் இருந்தது. மெட்ராஸுக்கு அனுப்பறேன். ரிப்போர்ட் வர ஒரு மாசம் ஆகும்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நான் ஆளை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்மா!"

"அது உங்க பாடு."

டொக்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்டேஷன் வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றாள் ஒரு பெண். தலையில் முக்காடு. கையில் டிபன் பாக்ஸ்.

"என் பேர் சாஜிதா சார். சர்தாரோட தங்கச்சி. எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர்."

"அண்ணனுக்கு சோறா? அங்க வெச்சுட்டுப் போ."

"ஊசித் துளையே இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே. இன்னும் ஏன் சார் வெச்சிருக்கீங்க?"

ஆதிமூலம் டெலிபோனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஒட்டுக் கேட்டியா?"

"கனெக்ஷன் குடுத்ததே நான்தான் சார். கேட்டேன். அதுக்கு ஒரு கேஸ் போடறதுன்னா அப்பறம் போடுங்க. எங்க அண்ணன் கேஸ முதல்ல பாருங்க."

"இந்தப் பொண்ண டிபார்ட்மென்ட்ல சேத்துக்கலாம் சார்" என்றார் கன்னியப்பன்.

"எங்க அண்ணன் பவுடரை சிகரெட் ஈயத்தாள்ல வெச்சு புகை இழுக்கறவன் சார். ஊசின்னா பயந்துடுவான். டெட்டனஸ் போடக்கூட நான் கையப் புடிச்சுக்கணும்."

"ஊசி வேணாம்மா. கசாயத்துல அபின் கலந்து குடுத்திருக்கலாம் இல்ல? சண்டை போட்டவன் அவன்தானே?"

"அவன் கைக்கு எங்கிருந்து சார் அபின் வரும்? கெடைச்சிருந்தா அவனே முழுங்கியிருப்பான். அடுத்தவனுக்கா குடுப்பான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்விக்காகக் கொலை கேஸில் ஆளை விட முடியாது.

"நாளைக்கு பத்து மணிக்கு ரிமாண்டும்மா. அப்பறம் ஜெயில். அதுக்குள்ள வேற ஒருத்தன் கெடைச்சா உன் அண்ணன் வீட்டுக்குப் போவான். இல்லைன்னா போக மாட்டான்."

"பதினஞ்சு நாளா தொடாம இருக்கான் சார்" என்றாள் சாஜிதா. குரல் முதல் தடவையாக உடைந்தது. "நாலு வருஷத்துல இதான் முதல் தடவ. போன வாரம் பாக்கப் போனேன். என் முகத்தப் பாத்துப் பேசினான். ஜெயிலுக்குப் போனா அங்க எவனாவது குடுத்துடுவான். அதோட முடிஞ்சுது. தூக்குல போட்டாலும் ஒண்ணு, போடாட்டாலும் ஒண்ணு."

டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

*

மறுநாள் காலை ஆறரை.

"சார்! லாக்கப்ல அந்தப் பையன் நாடகம் ஆடறான்!"

ஆதிமூலம் போய்ப் பார்த்தார்.

சர்தார் மூலையில் சுருண்டு கிடந்தான். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. கை முழுக்க மயிர்க்கூச்சு... உரித்த கோழித் தோல் மாதிரி! கொட்டாவி. உடனே இன்னொரு கொட்டாவி. வாளி பக்கம் தவழ்ந்து போய் வாந்தி எடுத்தான்.

"எப்போலருந்து?"

"ராத்திரி ஆரம்பிச்சுது. நாலு வாட்டி பேதி. மாஜிஸ்ட்ரேட்டுக்கு முன்னாடி போகாம ஆஸ்பத்திரில படுக்கப் பாக்கறான் சார். நானும் லீவுக்கு இப்டித்தான் பண்ணுவேன்."

"உனக்கு மயிர்க்கூச்சு வருமாய்யா?"

கன்னியப்பன் யோசித்தார்.

"அது வராது சார்."

ஆதிமூலம் கம்பி அருகே குந்தினார். முழங்கால் முனகியது.

"டேய் சர்தார். இது இன்னாடா?"

"தெரியல சார்..." பல் தந்தியடித்தது. "பவுடர் கெடைக்காதப்போ வீட்ல இப்டித்தான் வரும். ஆனா நான் விட்டு பதினஞ்சு நாள் ஆச்சு சார்! முகாம்ல ஒரு நாள்கூட வரலியே... ஒரு நாள்கூட!"

"முதல் மூணு நாள் கஷ்டப்படலியா?"

"இல்ல சார். மாஸ்டர் கசாயத்தோட மகிமைன்னு நெனச்சேன். யாருக்குமே வரல. கலியன் அண்ணனுக்கு மட்டும்தான் வந்துச்சு."

ஆதிமூலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"அவனுக்கு மட்டும் ஏன்டா வந்துச்சு?"

"அவரு கசாயமே குடிக்கல சார். வாயில வெச்சாலே குமட்டும்னு சொல்லி ஜன்னல் வழியா ஊத்திடுவாரு. நாங்களெல்லாம் கிண்டல் பண்ணுவோம். அவரு திருப்பி, 'நான் கஷ்டப்பட்டு விடறேன்டா, நீங்க சும்மா படுத்துக்கினு விடறீங்களா, இது ஏதோ ஏமாத்து வேலை'ன்னாரு. அதுலதான் சார் சண்டை. என்னைப் பொய்யன்னு சொன்னாரு. அதான் கொன்னுடுவேன்னு சொன்னேன்."

"நேத்துக் காலைலயும் ஊத்தினானா?"

"ஊத்தப் போனாரு. மாஸ்டர் பாத்துட்டாரு. 'இதனாலதான் நீ மட்டும் ஏற மாட்டேங்கற'ன்னு திட்டி, எல்லார் முன்னாடியும் ரெண்டு டம்ளர் குடிக்க வெச்சாரு."

"ரெண்டு டம்ளர்!"

"ஆமா சார்."

"அந்த சிரிஞ்சு?"

"வந்த அன்னிக்கே எல்லார் சாமானையும் வாங்கி மாஸ்டர் டிரங்குப் பெட்டில பூட்டிடுவாரு. சாவி அவரு இடுப்புல."

ஆதிமூலம் எழுந்தார். முழங்கால் வலியே தெரியவில்லை.

"கன்னியப்பா, டாக்டரம்மாவுக்கு போன் போடு. மாஸ்டரைக் கூட்டி வர ஜீப் அனுப்பு. நேரா முகாம்!"

கன்னியப்பன் போனை எடுத்தார். எதிர்முனையில் சாஜிதா.

"டாக்டரம்மா நம்பர் குடும்மா. இந்த வாட்டி தாராளமா ஒட்டுக் கேளு!"

*

முகாம் கூடம்.

பாயில் நான்கு பேர். ஒருவன் கொட்டாவி விட்டான். அடுத்தவன் விட்டான். மூன்றாமவன், நான்காமவன்... திருப்பி முதல் ஆள். நான்கு மூக்கும் ஒழுகின. நான்கு உடம்பும் நடுங்கின.

ஊர்க்காவல் படை ஆள் வெளிறிப்போய் நின்றான்.

"ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கல போல சார்!"

டாக்டர் மீனம்பாள் டார்ச் அடித்து நான்கு பேர் கண்ணையும் பார்த்தார். நாடி பிடித்தார். நிமிர்ந்தார்.

"கண்மணி கோலிக்குண்டு மாதிரி விரிஞ்சிருக்கு. நாடி நூத்துப் பத்து. இவங்க யாரும் பத்து நாள், பதினஞ்சு நாள் முன்னாடி விட்டவங்க இல்லை எஸ்.ஐ. சார். நேத்துக் காலைலதான் விட்டிருக்காங்க."

"கசாயத்தோட?"

"கசாயத்தோட. நிலவேம்புக் கசப்புல அபின் கசப்பு தெரியவே தெரியாது. நல்ல மூளை!"

"நாலாம் நாள் மலையேறினானுங்களாம்மா. முப்பது பேர்."

"நிஜமா விட்டவன் நாலாம் நாள் கக்கூஸுக்கு ஏறினாலே பெருசு. மெதுவா வாசல்ல நடக்கலாம், தண்ணி குடிக்கலாம், படுக்கலாம். அவ்வளவுதான். முப்பது பேரும் ஏறினாங்கன்னா... முப்பது பேரையும் அபின் தூக்கிட்டுப் போயிருக்கு."

வாசலில் ஜீப் நின்றது. இளையபெருமாள் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை. கூடத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

ஆதிமூலம் சமையலறை அரக்கை உடைத்தார். அண்டாவில் நேற்றைய கசாயம் கறுப்பாகத் தேங்கியிருந்தது. இரண்டு டம்ளரில் மொண்டு, சிமென்ட் திண்டுமேல் வைத்தார்.

"குடிங்க மாஸ்டர்."

"நான்... நான் நோயாளி இல்லியே சார்."

"நிலவேம்புதானே? காய்ச்சலுக்கு நல்லது. ரெண்டு டம்ளர்."

"வேணாம் சார்."

"கலியபெருமாளும் வேணாம்னுதான் சொல்லியிருப்பான்."

ஈ ஒன்று டம்ளர் விளிம்பில் உட்கார்ந்து எழுந்தது.

"குடிச்சா செத்துடுவேன் சார்" என்றார் இளையபெருமாள்.

அவ்வளவுதான். பதினேழு வருஷப் பட்டாளம் அப்படியே தரையில் உட்கார்ந்தது.

"முதல் பேட்ச்ல கலக்கல சார். சத்தியமா கலக்கல. ஒன்பது பேர். தண்ணி, உப்பு, படுக்கை, மெதுவா நடை... எல்லாம் சட்டப்படி செஞ்சேன். ரெண்டாம் நாள் ராத்திரியே சுவரேறிக் குதிச்சு ஓடிட்டானுங்க, ஒன்பது பேரும். ஊரே சிரிச்சுது. வல்லத்துல எங்க நைனாவ டீக்கடை பெஞ்சுல உக்கார விடாத காலம் ஒண்ணு இருந்துச்சு சார். அதே கடையில என்னை 'மாஸ்டர் வாங்க'ன்னு எழுந்து நின்னு கூப்பிட்டானுங்க. அது போயிடும்னு பயந்தேன்."

"அதனால கலந்தீங்க."

"கொஞ்சமாக் கலந்து, நாளுக்கு நாள் குறைச்சு, ஒரு மாசத்துல நிறுத்திடலாம்னுதான் நெனச்சேன். குறைச்சா ஏற மாட்டேங்கறானுங்க சார்! ஏறினாத்தான் ஊர் நம்புது. குறைக்கவே முடியல."

"வீட்டுக்குப் போன முப்பது பேர்?"

"மறுபடி ஆரம்பிச்சுட்டானுங்க. அது அவனுங்க குத்தம்னு ஊர் சொல்லிடுச்சு."

டாக்டர் மீனம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கலியபெருமாள் ஊத்தறான்னு எனக்குத் தெரியாது சார். நேத்துதான் பாத்தேன். அவன் மட்டும் ஏறாததுக்கு அதான் காரணம்னு நெனச்சு... உச்சியில இமையத் தூக்கினப்போதான் புரிஞ்சுது. இவன் உடம்புல ஒண்ணுமே இல்லாம இருந்திருக்குன்னு."

"இவனுங்க நாலு பேருக்கும் ஒரு டம்ளர் பழக்கம். அவனுக்கு ரெண்டு டம்ளர் விஷம்." ஆதிமூலம் குனிந்தார். "உங்க முகாம்ல நிஜமா குணமான ஆள் ஒருத்தன்தான் மாஸ்டர். அவனே சொந்தமா, கக்கிப் புரண்டு குணமானான். முப்பத்தாறு பேர்ல ஒருத்தன். அவனைத்தான் கொன்னீங்க."

ஆதிமூலம் டம்ளர்களை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அதுகூடத் தெரியாம நடந்துச்சுன்னு கோர்ட்ல சொல்லலாம். ஆனா மலையிறங்கி வந்து சிரிஞ்சை சர்தார் தலகாணிக்குள்ள வெச்சீங்களே? அதுவும் தெரியாமத்தானா?"

"முந்தின நாள் அவன்தான் சண்டை போட்டான்..." இளையபெருமாள் தரையைப் பார்த்தபடி சொன்னார். "வசதியா இருந்துச்சு சார்."

கன்னியப்பன் விலங்கை எடுத்தார்.

*

மணி ஒன்பதே முக்கால்.

நான்கு பேரையும் அவரவர் வீட்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இளையபெருமாள் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

லாக்கப் கதவு திறந்தது. சர்தார் சுவரைப் பிடித்தபடி வந்தான். வாசல் பெஞ்சில் சாஜிதா எழுந்தாள்.

"விடுதலைடா. போ" என்றார் ஆதிமூலம்.

"பதினஞ்சு நாள் சார்..." சர்தார் சுவரை விடாமல் நின்றான். "பதினஞ்சு நாள் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். இவகிட்ட தலை நிமிந்து பேசினேன். எல்லாம் பொய்யா?"

"பொய்தான். ஆனா நேத்துலருந்து நிஜம். இன்னிக்கு உனக்கு முதல் நாள்."

சர்தார் வாசலைப் பார்த்தான். தெருவில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஒன்று ஜனத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போயிற்று.

"சார், என்னை வெளிய விடாதீங்க."

"இன்னா?"

"பஸ் ஸ்டாண்டுல எவன்கிட்ட கெடைக்கும்னு எனக்குத் தெரியும் சார். இங்கிருந்து முந்நூறு அடி. கால் தன்னால போயிடும். ஒரு வாரம் உள்ள போட்டுப் பூட்டுங்க. கத்துவேன், கெஞ்சுவேன். திறக்காதீங்க."

"ஆஸ்பத்திரில படுடா!"

"அங்க வார்டுக்குப் பூட்டு கிடையாது" என்றார் டாக்டர் மீனம்பாள். "மத்தியானமே குதிச்சிடுவான். சப்-ஜெயில்னா நான் தினம் வந்து பாக்கறேன். உப்புத் தண்ணி, மாத்திரை எல்லாம் நானே பாத்துக்கறேன். உள்ள வேற எதுவும் போகாம வார்டர்கிட்டயும் சொல்லி வைக்கறேன்."

"அவங்க சொல்றதக் கேளுங்க சார்!" சாஜிதா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளயே வைங்க."

"ஏம்மா, நேத்து இதே எடத்துல நின்னுக்கினு வெளிய விடுன்னு அழுதது யாரு?"

"நேத்து அவன் குணமானவன் சார். இன்னிக்கு இல்ல."

ஆதிமூலம் தலையில் கைவைத்தார்.

"குத்தம் பண்ணாதவன நான் எப்பிடிம்மா உள்ள வைக்கறது? சட்டம்னு ஒண்ணு இருக்குது. ஏதாவது ஒரு கேஸ் வேணும். திருட்டு, அடிதடி... எதுவுமே இல்லாம மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நின்னா என்னைத்தான் உள்ள வைப்பாரு!"

சர்தார் ஒரு நிமிஷம் யோசித்தான்.

மெதுவாகத் திரும்பினான். பக்கத்தில் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார் ஏட்டு கன்னியப்பன்.

"மன்னிச்சுக்குங்க ஏட்டய்யா."

பளார்!!

தொப்பி ஒரு பக்கம், பேரேடு ஒரு பக்கம் பறந்தன. ஸ்டேஷன் ஸ்தம்பித்தது. நடுங்கிக்கொண்டிருந்தவனின் கையில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆதிமூலம் பேனா மூடியைத் திறந்தார்.

"பணியிலிருந்த அரசு ஊழியரைத் தாக்கியது. பட்டப்பகல். சாட்சி... ஒரு டாக்டர், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், கைதியோட சொந்தத் தங்கச்சி. ஜாமீன் கேக்க ஆளில்லை. பதினஞ்சு நாள் நிச்சயம்."

"ஒரு மாசமா போட முடியாதா சார்?" என்றாள் சாஜிதா.

கன்னியப்பன் சிவந்த கன்னத்தைத் தடவியபடி அவசரமாக இரண்டடி பின்னால் போனார்.

"ஒரு மாசம் வேணும்னா இன்னொரு அறை வேணும்மா... அதுக்கு இன்ஸ்பெக்டர் ரேங்க்ல ஒரு கன்னம் பாருங்க!"